பால் பெருக்கும் ஊசி வந்த கதை

(பண்ணை வானொலி உரை)



"ஒரு ஊசி போட்டா மாடு ரெண்டு மூணு லிட்டர் கூடக் கறக்குமாமே, அப்படி ஒண்ணு உண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒன்று உண்டு. கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் 1994-ம் வருஷத்திலிருந்து லட்சக்கணக்கான மாடுகளுக்கு அதைப் போட்டார்கள். பாலும் கூடத்தான் கறந்தது. ஆனால் பால் கூடியதோடு கதை முடிந்துவிடவில்லை. அந்தக் கூடுதல் பால் யாருக்குத் தேவைப்பட்டது, அதற்கான செலவை யார் ஏற்றார்கள், லாபம் யார் வீட்டுக்குப் போனது என்று பார்த்தால்தான் முழுக் கதையும் தெரியும். இன்றைக்கு அந்தக் கதையைத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இரண்டு ஊசி, இரண்டு வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்தில் பால் ஊசி என்றால், கன்று செத்துப்போன மாட்டுக்கும் பால் இறக்காமல் அடம் பிடிக்கிற எருமைக்கும் கறப்பதற்குச் சற்று முன்னால் போடுகிற ஊசிதான் ஞாபகத்துக்கு வரும். அது ஆக்சிடோசின். கன்று முட்டி ஊட்டும்போது தாய் மாட்டின் உடம்பில் தானாகவே சுரக்கிற பொருள்தான் அது. மடியில் ஏற்கெனவே ஊறி நிற்கிற பாலைக் காம்புக்கு இறக்கிவிடுவது அதன் வேலை. தொட்டியில் நிரம்பி நிற்கும் தண்ணீருக்குக் குழாயைத் திறந்துவிடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இன்று பேசுகிற ஊசி வேறு. இதற்கு வளர்ச்சி ஹார்மோன் என்று பெயர். மாட்டின் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து சுரந்து ரத்தத்தில் கலந்து, கன்றாக இருக்கையில் உடம்பை வளர்ப்பதும், கறவையாக இருக்கையில் பாலைப் பெருக்குவதும் இந்த ஹார்மோன்தான். எல்லா மாட்டின் உடம்பிலும் இது இயற்கையாகவே இருக்கிறது. நன்றாகக் கறக்கிற மாட்டுக்கு இது சற்று அதிகமாகச் சுரக்கும். அப்படியானால் வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று தோன்றும் அல்லவா? அந்த யோசனையிலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது.

கசாப்புக் கடையில் கிடைத்த மருந்து

1921-ல் அமெரிக்காவில் எவன்ஸ் என்ற அறிஞரும் அவருடைய துணைவர் லாங் என்பவரும் மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியை அரைத்து, சாறெடுத்து, எலிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். எலி சாதாரண எலியைவிடப் பெரிதாக வளர்ந்தது. 1928-ல் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், குரூட்டர் என்ற இருவர் இதே சுரப்பியின் சாற்றை முயலுக்குப் போட்டுப் பால் சுரக்க வைத்தார்கள். முயலுக்குச் சுரந்தால் மாட்டுக்குச் சுரக்காதா?

அதைச் செய்து பார்த்தவர்கள் சோவியத் ரஷ்யாவில் இருந்தார்கள். அசிமோவ், குரூஸ் என்ற இரண்டு பேர் நூற்றுக்கணக்கான கறவை மாடுகளுக்குச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு, பால் கூடுகிறது என்று 1937-ல் எழுதி வெளியிட்டார்கள். பால் பெருக்கும் ஊசிக்கு அதுவே பிள்ளையார் சுழி.

அதற்கப்புறம் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. இங்கிலாந்தில் உணவுப் பஞ்சம். கப்பலில் வருகிற சாமான்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கடலிலேயே மூழ்கடித்தன. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் முதலில் பால் கிடைக்கட்டும் என்று 1940-ல் அரசாங்கம் தனித் திட்டமே போட்டது. இருக்கிற மாட்டிலேயே இன்னும் கொஞ்சம் பால் கறக்க முடியுமா என்று ஃபாலி, யங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தச் சாற்றைக் கையில் எடுத்தார்கள். அந்தச் சாற்றில் பாலைக் கூட்டுகிற பொருள் வளர்ச்சி ஹார்மோன்தான் என்பது இவர்களுடைய வேலையால் தெளிவாயிற்று.

தெரிந்தும் பயன் இல்லை. ஏன் தெரியுமா? மருந்து கிடைக்கிற ஒரே இடம் கசாப்புக் கடை. ஒரு மாட்டுக்கு ஊசி போட வேண்டுமானால் பல மாடுகளை வெட்டிச் சுரப்பி எடுக்க வேண்டும். பத்து மாட்டை அறுத்து ஒரு மாட்டில் பால் கூட்டுகிற வித்தை நாட்டுக்குக் கட்டுபடியாகுமா? ஆகாது என்று விட்டுவிட்டார்கள்.

1944-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் லீ என்ற விஞ்ஞானியும், முன்பு சொன்ன எவன்ஸும் சேர்ந்து மாட்டின் சுரப்பியிலிருந்து இந்த ஹார்மோனை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம் என்று தெரிந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் மருத்துவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வளர்த்தி இல்லாமல் குள்ளமாகவே நின்றுவிட்ட குழந்தைகளுக்கு மாட்டின் ஹார்மோனைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. மாட்டின் சாவி மனிதப் பூட்டுக்குச் சேரவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நுண்ணுயிர் செய்த வேலை

முப்பது வருஷம் கிடப்பில் கிடந்த காரியம் 1970-களில் மறுபடி உயிர் பெற்றது. 1973-ல் அமெரிக்காவில் கோஹன், போயர் என்ற விஞ்ஞானிகள் ஓர் உயிரின் மரபணுவை எடுத்து இன்னோர் உயிருக்குள் வைக்கிற வழியைக் காட்டினார்கள். பிறகு மாட்டின் வளர்ச்சி ஹார்மோனுக்கு உரிய மரபணுவைக் குடலில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். மாவு புளிப்பதற்குக் காரணமான நுண்ணுயிரை நமக்குத் தெரியும். அதே மாதிரி பெரிய பெரிய தொட்டிகளில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்தால், அது பெருகப் பெருக மாட்டு ஹார்மோனையும் செய்து தரும். கசாப்புக் கடை வேண்டியதில்லை. ஜெனென்டெக் என்ற கம்பெனியின் துணையோடு மான்சான்டோ என்ற பெரிய ரசாயனக் கம்பெனி இதில் இறங்கியது. இன்னும் மூன்று பெரிய கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன.

தொட்டியில் செய்த ஹார்மோனை மாட்டுக்குப் போட்ட முதல் சோதனை நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செய்தவர் டேல் பாமன் என்ற பேராசிரியர். 1982-ல் அதன் முடிவை வெளியிட்டார். 1985-ல் நீண்டகாலச் சோதனையின் முடிவு வந்தது. 188 நாள் தொடர்ந்து தினமும் ஊசி. ஊசி போடாத மாடுகள் நாளுக்குச் சராசரி 28 கிலோ கறந்தன. அதிக அளவு மருந்து போட்ட மாடுகள் 39 கிலோ கறந்தன. அதாவது 41 சதவீதம் கூடுதல். பால் உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் சாதாரணப் பண்ணைகளில் போட்டபோது அவ்வளவு கூடவில்லை. 10 முதல் 15 சதவீதம் என்பதே பொதுவாகக் கிடைத்த கணக்கு.

பால் எங்கிருந்து வருகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊசிக் குழாயில் இருப்பது ஒரு சொட்டு மருந்து. கூடக் கிடைப்பது பல லிட்டர் பால். இது எங்கிருந்து வந்தது?

மாடு தின்ற தீனி உடம்புக்குள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஒரு மடை உடம்பைப் பராமரிக்கப் போகிறது. ஒரு மடை கொழுப்பாகச் சேர்கிறது. ஒரு மடை மடிக்குப் போகிறது. இந்த ஹார்மோன் செய்வது என்னவென்றால், கொழுப்புக்குப் போகிற மடையைக் குறைத்து, மடிக்குப் போகிற மடையை அகலமாகத் திறந்துவிடுகிறது. ஈரலை முடுக்கிச் சர்க்கரைச் சத்தை அதிகமாக உண்டாக்கச் சொல்கிறது. மடியில் பால் ஊறுகிற செல்கள் சீக்கிரம் ஓய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான். வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் இது கொண்டுவராது.

ஊசி போட்ட முதல் சில வாரங்கள் மாடு தன் உடம்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கும். அப்புறம் பசி எடுத்து அதிகமாகத் தின்ன ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நல்ல தீனி வயிறு நிறையக் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பாலும் கூடாது, மாடும் எலும்பெடுத்துப் போகும். கார்னெல் சோதனையில் கறந்த மாடுகள் நாளுக்கு 28 கிலோ கறக்கிற சாதி, அளந்து போட்ட தீனி, எந்நேரமும் பக்கத்தில் டாக்டர். வெறும் வைக்கோலும் காட்டு மேய்ச்சலும் தின்கிற மாட்டிடம் இந்த ஊசிக்கு வேலையே இல்லை.

பால் வழிந்த காலத்தில் வந்த ஊசி

விஞ்ஞானிகள் பால் கூட்டும் மருந்தைச் செய்துகொண்டிருந்த அதே வருஷங்களில் அமெரிக்க அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பாலைக் குறைப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தது!

விவசாயிக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கட்டும் என்று அரசாங்கம் உபரி வெண்ணெயையும் பால்பவுடரையும் சீஸ் என்ற பாலாடைக் கட்டியையும் விலை கொடுத்து வாங்கிக் கிடங்கில் அடுக்கிவந்தது. கிடங்குகள் நிரம்பி, 1981 டிசம்பரில் பாலாடைக் கட்டியை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படியும் தீரவில்லை. 1986-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பால் பண்ணையை இழுத்து மூடிவிட்டு ஐந்து வருஷம் அந்தத் தொழில் பக்கமே வராமல் இருக்கிற விவசாயிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். மாடுகளை அடிமாட்டுக்கு விற்க வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏறக்குறைய 14,000 விவசாயிகள் இதில் சேர்ந்தார்கள். பசு, கிடாரி, கன்று எல்லாம் சேர்த்து 15 லட்சம் உருப்படிகள் தொழுவத்தை விட்டுப் போயின. அந்த மாடுகள் வேறு பண்ணைக்குப் போய்விடாதபடி தாடையில் சூட்டுக்கோலால் பெருக்கல் குறி போடச் சொன்னார்கள். மாட்டை நேசிக்கிறவர்கள் கோர்ட்டுக்குப் போய் அந்தச் சூட்டை நிறுத்தினார்கள்.

இப்போது அந்த ஊர்ச் சின்ன விவசாயியின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் பால் மிஞ்சிப் போச்சு என்று மாட்டையே விற்றுவிட்டான். அதே நேரத்தில் இன்னும் பாலைக் கூட்டுகிறேன் என்று ஒரு மருந்து வருகிறது. பால் கூடினால் விலை இறங்கும். விலை இறங்கினால் ஐம்பது மாடு வைத்திருப்பவன் தாங்குவானா, ஆயிரம் மாடு வைத்திருப்பவன் தாங்குவானா? இது படித்தவர் கேட்ட கேள்வி அல்ல. கறவைக்காரர்கள் தாங்களே கேட்ட கேள்வி. பால் வளம் மிகுந்த விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் விவசாயிகளின் குரல் ஓங்கி, 1990-ல் அந்த மாநில அரசுகள் இந்த ஊசிக்குத் தற்காலிகத் தடை போட்டன. மருந்து நாடு முழுவதும் விற்பனைக்கு வருவதற்கு முன்பே நடந்தது இது.

அனுமதி கிடைத்தது

1993 நவம்பர் 5-ம் தேதி அமெரிக்க உணவு, மருந்துத் துறை மான்சான்டோவின் ஊசிக்கு அனுமதி கொடுத்தது. பாராளுமன்றம் 90 நாள் பொறுக்கச் சொன்னது. 1994 பிப்ரவரியில் போசிலாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு ஊசியில் 500 மில்லிகிராம். மருந்து மெதுவாக உடம்பில் இறங்க வேண்டும் என்பதற்காக எள் எண்ணெயில் கலந்திருந்தார்கள். நம் நல்லெண்ணெய்க்கு உறவுதான்! கன்று போட்டு ஒன்பதாவது வாரத்தில் ஆரம்பித்து, 14 நாளைக்கு ஒரு தடவை, மாடு வற்றுகிற வரை போட்டுவர வேண்டும்.

"அந்தப் பாலைக் குடித்தால் நமக்கு ஏதாவது ஆகுமா?" என்பது பால் வாங்குகிற தாய்மார்கள் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. அறிஞர்கள் சொன்ன பதில் இதுதான். மாட்டு ஹார்மோன் எல்லாப் பாலிலும் துளி அளவு இருக்கிறது. அது புரதம் ஆகையால் வயிற்றில் செரித்துவிடும். தப்பி ரத்தத்தில் கலந்தாலும் மனித உடம்பில் வேலை செய்யாது. குள்ளக் குழந்தைகளுக்குப் பலன் தரவில்லை என்று சொன்னேனே, அதே காரணம்தான். ஊசி போட்ட மாட்டின் பாலில் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட இன்னொரு புரதம் சிறிது கூடுகிறது என்பதைப் பற்றியும் வாதம் நடந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு 1992, 1998, 2013 ஆகிய வருஷங்களில் ஆராய்ந்து, குடிக்கிறவருக்கு ஆபத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றே சொல்லியது.

இருந்தாலும், "எது ஊசிப் பால், எது சாதாப் பால் என்று எழுதியாவது ஒட்டுங்க, நாங்க பார்த்து வாங்கிக்கிறோம்" என்று ஜனங்கள் கேட்டார்கள். வெர்மான்ட் என்ற சின்ன மாநிலம் 1994-ல் அப்படியே சட்டம் போட்டது. பால் வியாபாரிகள் வழக்குப் போட, 1996-ல் கோர்ட் அந்தச் சட்டத்தை நிறுத்தியது. ஆனால் ஊசி போடாத விவசாயி, தானாக விரும்பி, போடவில்லை என்று பாட்டிலில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தச் சின்னச் சீட்டு பின்னால் செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

மாட்டின் பக்கத்துக் கணக்கு

அமெரிக்கா மனிதனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து நாடான கனடா மாட்டைப் பற்றியும் கேட்டது. அங்கே இரண்டு நிபுணர் குழுக்கள் அமைத்தார்கள். ஒன்று டாக்டர்கள் குழு. மனிதனுக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்றது. இன்னொன்று கால்நடை டாக்டர்கள் குழு. அது கூட்டிப் பெருக்கிச் சொன்ன கணக்கு இது: ஊசி போட்ட மாடுகளுக்கு மடிவீக்கம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம் கூடுகிறது. சினை பிடிக்காமல் போகிற வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. கால் நொண்டல் 50 சதவீதம் வரை கூடுகிறது.

மடிவீக்கம் என்றால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்துச் செலவு, கொட்டுகிற பால், சில சமயம் ஒரு காம்பே போய்விடுகிற துயரம், எல்லாம் நீங்கள் பட்டது. கூடக் கறந்த பால் ஒரு பக்கம், சினை தள்ளிப்போன மாதங்கள் ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். 1999 ஜனவரியில் கனடா இந்த ஊசிக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. காரணம் மாட்டின் நலம். ஐரோப்பிய நாடுகள் 1990-லிருந்தே நிறுத்தி வைத்திருந்தார்கள். மாட்டுக்குத் துன்பம் என்ற காரணத்தால் 2000 ஜனவரி முதல் நிரந்தரமாகத் தடுத்துவிட்டார்கள்.

அறிஞர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, அனுமதித்த முறைப்படி போட்டால் மடிவீக்கமும் நொண்டலும் கூடுவதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் மருந்தோடு வந்த அமெரிக்கச் சீட்டிலேயே, மடிவீக்கம் கூடலாம், சினை பிடிப்பது குறையலாம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். மருந்தை விற்கிறவரே அப்படி எழுதியிருக்கும்போது, வாங்குகிறவர் அதைப் படிக்க வேண்டாமா?

கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சியது?

இப்போது லாப நஷ்டக் கணக்குக்கு வருவோம். நாடு முழுக்க எல்லாரும் போடப் போகிறார்கள் என்று ஆரம்பத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி நடக்கவில்லை. 2007-ல் அமெரிக்க விவசாய இலாகா எடுத்த கணக்கில், ஊசி போட்ட மாடுகள் நூற்றுக்கு 17 தான். அதிலும் பெரிய பண்ணைக்காரர்கள்தான் அதிகம். தீனியை அளந்து போட ஆள், கணக்கு எழுத ஆள், சொந்தச் சம்பளத்தில் டாக்டர் என்று வைத்திருப்பவர்களுக்கே அந்த ஊசி ஒத்துவந்தது.

லாபம்? நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் உள்ள பண்ணைகளின் உண்மையான வரவு செலவுப் புத்தகங்களைப் பொருளாதார அறிஞர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட பண்ணைகளில் பால் கூடியிருந்தது. ஆனால் லாபம் கூடியது என்று அடித்துச் சொல்லும்படி கணக்கு அமையவில்லை. ஏன்? ஊசிக்கு விலை, கூடத் தின்ற தீனிக்கு விலை, வைத்தியச் செலவு, ஆள் கூலி. கூடுதல் பால் கொண்டுவந்த பணம் அந்த வழியிலேயே வெளியே போயிற்று. கேன் நிறைந்தது, பை நிறையவில்லை.

இதற்கிடையில் அந்தச் சின்னச் சீட்டு தன் வேலையைக் காட்டியது. ஊசி போடாத பால் என்று எழுதியிருந்த பாட்டிலையே தாய்மார்கள் தேடி எடுத்தார்கள். பெரிய கடைக்காரர்கள் ஜனங்கள் போகிற பக்கம் போனார்கள். காப்பிக் கடைகள் நடத்துகிற ஸ்டார்பக்ஸ் 2008 தொடக்கத்தோடு தன் கடைகளில் ஊசிப் பாலை நிறுத்தியது. அதே வருஷம் வால்மார்ட் என்ற மிகப் பெரிய கடைக் கம்பெனி, தன் பெயரில் விற்கிற பாலை ஊசி போடாத மாட்டிலிருந்துதான் வாங்குவேன் என்றது. அந்த வருஷமே மான்சான்டோ இந்த மருந்துத் தொழிலை எலான்கோ என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டு விலகிக்கொண்டது. ஊசி போடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பால் எடுப்போம் என்று பால் சேகரிக்கிறவர்கள் பல இடங்களில் சொன்னபோது, விவசாயிகள் ஊசியை விட்டார்கள்.

சரி, ஊசி குறைந்த பிறகு அமெரிக்காவில் பால் குறைந்ததா? அதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். குறையவில்லை. 1985-ல் அங்கே ஒரு மாடு வருஷத்துக்குச் சராசரி 5,900 கிலோ கறந்தது. 2007-ல் ஏறக்குறைய 9,200 கிலோ. ஊசி ஒதுங்கிய பிறகு 2023-ல் 10,900 கிலோ. ஊசி போட்ட காலத்திலும் ஏறியது, போடாத காலத்திலும் ஏறியது. ஏற்றத்துக்குப் பெரும் காரணம் நல்ல காளையின் விந்து, நல்ல தீனி, நல்ல கொட்டகை, தவறாத கவனிப்பு.

அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. 1992-ல் அமெரிக்காவில் 1,31,000 பால் பண்ணைகள் இருந்தன. 2023-ல் 26,000 தான். மாடுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, பாலும் பெருகிவிட்டது. பண்ணைக்காரக் குடும்பங்கள்தான் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டன. இதை ஊசியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது. ஊசி இல்லாவிட்டாலும் அந்த ஓட்டம் நடந்திருக்கும். ஆனால் 1990-ல் விஸ்கான்சின் கறவைக்காரர் பயந்த பயம் வீண் பயம் அல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. பால் பெருகுவது வேறு, பால்காரன் பிழைப்பது வேறு.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டுச் சட்டம் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, பால் கூடக் கறப்பதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கிற எந்தக் காரியத்தையும் குற்றம் என்கிறது. கெடுதல் செய்கிற ஊசியும் அதில் அடக்கம். அபராதமும் ஜெயிலும் உண்டு, மாட்டையே பறிமுதல் செய்யவும் இடம் உண்டு. ஆகவே பெயர் தெரியாத புட்டியை நம்பி மாட்டைக் குத்தாதீர்கள். பால் இறக்காத மாடானால் கால்நடை டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

பிறகு, யாராவது வந்து, "இதைப் போட்டா பால் கூடும்" என்று ஊசியோ, மாவோ, டானிக்கோ விற்றால் மூன்று கேள்வி கேளுங்கள். கூடுகிற பாலுக்கு மாடு எவ்வளவு தீனி அதிகமாகத் தின்னும்? மாட்டின் மடிக்கும் சினைக்கும் என்ன ஆகும்? எல்லாச் செலவும் போக என் கையில் என்ன நிற்கும்? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாதவரிடம் காசை எடுக்காதீர்கள். அமெரிக்க விவசாயி பல வருஷம் செலவழித்துக் கற்றதை நாம் செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

மடிக்குப் போகிற வாய்க்காலில் தண்ணீர் கூட வேண்டுமானால் செய்ய வேண்டிய காரியங்கள் நம் கையிலேயே இருக்கின்றன. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மாட்டின் முன்னால் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் தீர்ந்து மாடு காத்து நிற்கிற வீட்டில் எந்த மருந்தும் பலிக்காது. உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனம், அதன்மேல் பசுவுக்கு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று அளந்து வையுங்கள். ஒரு கைப்பிடி தாது உப்பு மறக்க வேண்டாம். வைக்கோலோடு பசுந்தீவனம், வேலிமசால், அகத்தி என்று ஏதாவது ஒரு பச்சை இருக்கட்டும். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுங்கள். அந்த ஓய்வுதான் அடுத்த ஈற்றுக்கு விதைநெல். நல்ல பாரம்பரியம் உள்ள காளையின் விந்தைக் கேட்டு வாங்கிச் சினை ஊசி போடுங்கள். இதில் எதுவும் புதுமை இல்லைதான். அமெரிக்காவில் ஊசி போன பிறகும் பாலை ஏற்றிக்கொண்டே போனது இந்தப் பழைய காரியங்கள்தான்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரு பக்கம் பால் காசு, ஒரு பக்கம் தீனி, மருந்து, கூலி. மாதக் கடைசியில் வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டுக் கூட்டச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் கறந்தது என்பது ஊருக்குச் சொல்ல. எவ்வளவு மிஞ்சியது என்பதே உங்கள் வீட்டுக்கு.